சிபாண்டா துறையின் மேட்ரன்

சிபாண்டா துறை
பிப்ரவரி 6, 1999

அன்பு மருமகள் எனலேசிக்கு உன் தாய்மாமன் பைசன் கடோம்பே எழுதிக்கொண்டது.

நான் நலம். நலம் என்பது சின்ன வார்த்தை. மலாவி ஏரியின் இந்தக் கரையில், ஐம்பத்திரண்டு வயதில், என்னைப் போல நெஞ்சு நிமிர்த்தி நடக்கிறவன் இன்னொருவன் இருந்தால் கூட்டி வா, பார்க்கலாம்.

உன் மருத்துவமனைக் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. எங்கள் படகுத்துறைக் கமிட்டி கூடியிருந்த நேரம். தலைவர் நாற்காலியில் நான். உறைமேல் அரசாங்க முத்திரையைப் பார்த்ததும் கூட்டமே வாயை மூடிக்கொண்டது. உரக்கப் படிக்கச் சொன்னார்கள். குடும்பத் தலைவனுக்கு வருகிற கடிதம் ஊர்க் காதுக்கு இல்லை என்று சொல்லி, மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு படித்தேன். ஐந்தாம் வகுப்பை இரண்டு வருடம் படித்தவன் நான். கூட்டிப் பார்த்தால் பத்தாம் வகுப்பு. ஒரு வார்த்தை என்னிடமிருந்து தப்பவில்லை.

நீ குணமாகிவிட்டாய், அனுப்பலாம் என்கிறார்கள். அதற்கு இரண்டு காரியம் வேண்டுமாம். ஒன்று, பொறுப்பாளி நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டும். நம் வழக்கத்தில் சகோதரி பிள்ளைகளுக்கு மாமனை விட்டால் யார் பொறுப்பு? உன் அம்மா போன பிறகு உன் கல்யாணத்தைப் பேசி, பெண் கேட்டு வந்தவர்கள் கொண்டுவந்த கோழியை வாங்கிச் சபையில் வைத்தவன் நான். உன் புருஷன் தன் தாய் ஊருக்கே திரும்பிப் போனபோது, போகட்டும் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டவனும் நான்தான். இரண்டாவது, மாதம் ஒரு ஊசி. அது நம் ஊர்ச் சுகாதார நிலையத்தில் கிடைக்கும் என்று எழுத்தில் வேண்டுமாம். இதெல்லாம் ஒரு காரியமா? நம் நிலையத்தில் இல்லாத மருந்தை உலகத்தில் இன்னும் கண்டுபிடிக்கவில்லை.

இன்றே கிளம்பியிருப்பேன். மழையில் பாலம் போய்விட்டது. புது மரத்தைத் தூக்கி வைக்கப் பதினாறு பேர் ஒரு முனையைப் பிடித்தார்கள், மறு முனையை நான் பிடித்தேன். நீர்யானை ஒன்று கரையேறி வந்து வேடிக்கை பார்த்துவிட்டுப் போனது.

உன் மகள் தியாமிகே உன் பெயரைச் சொல்லித்தான் கண் விழிக்கிறாள். எட்டு வரை எண்ணுகிறாள். ஒன்பதும் தெரியும், கூச்சத்தில் சொல்வதில்லை.

உன் பொறுப்பு மாமன்,
பைசன் கடோம்பே
(தலைவர், துறைக் கமிட்டி)


பெண்கள் கூடம்
பிப்ரவரி 19, 1999

மாமாவுக்கு,

லாரிக்காரர் ஜோசாமு வாசலில் உங்கள் கடிதத்தையும் அத்தை கொடுத்தனுப்பிய உசிபாக் கருவாட்டையும் கொடுத்துவிட்டுப் போனார். கருவாட்டுப் பையை முகர்ந்துகொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். சாப்பிடவில்லை. சாப்பிட்டால் தீர்ந்துவிடும். காயப்போட்ட கொட்டகை, ஈரக் கயிறு, நம் துறையின் மண் எல்லாம் அந்தப் பைக்குள் இருந்தது.

இங்கே வந்து பதினைந்து மாதம். முதல் நான்கு மாதம் எனக்கு நினைவில்லை. மீதிப் பதினொன்றும் நாள் நாளாக நினைவிருக்கிறது. காதுக்குள் பேசிக்கொண்டிருந்தவர்கள் போன ஜூனில் போனவர்கள்தான், திரும்பவில்லை. நாற்பது பேருக்கான கூடத்தில் தொண்ணூறு பேர் இருக்கிறோம். ஒரு மெத்தையில் நானும் லோனியாவும் தலைமாடு கால்மாடாகப் படுக்கிறோம். லோனியா போன ஆகஸ்டில் குணமாகி வீட்டுக்குப் போனவள். அவள் ஊர் நிலையத்தில் ஊசி இல்லை. அடுத்த வாரம் வா, அடுத்த வாரம் வா என்று பத்து வாரம் சொன்னார்களாம். நவம்பரில் கையைக் கட்டிக் கொண்டுவந்து விட்டார்கள். அவளுக்கு இப்போது என் பெயர் சில நாள் தெரியும், சில நாள் தெரியாது.

அதனால்தான் எழுத்தில் கேட்கிறார்கள். சிஸ்டர் நமலோம்பா சொன்னார்: "மருந்து இங்கே இருக்கு, அதனால நீயும் இங்கே இருக்கே. அது உன் ஊருக்கு வந்தா நீயும் போகலாம். நோய் உன்னைப் பிடிச்சு வைக்கலம்மா. லாரி வராததுதான் பிடிச்சு வெச்சிருக்கு."

ஒன்று சொல்ல வேண்டும், சொல்லலாமா என்று பல நாள் யோசித்தேன். நீங்கள் என்னை வலைக் கயிற்றால் கட்டிக் கொண்டுவந்தீர்கள். அதற்குக் கோபமில்லை, கட்டாவிட்டால் லாரியிலிருந்து குதித்திருப்பேன். ஆனால் வழியில் ஏறிய ஒவ்வொருவரிடமும், "இவ திருடி, போலீசுக்குக் கொண்டுபோறேன்" என்றீர்கள். அது எனக்குக் கேட்டது. மருமகளுக்குச் சித்தம் கலங்கிவிட்டது என்பதைவிட மருமகள் திருடி என்பது உங்கள் வாய்க்குச் சுலபமாக வந்தது.

தியாமிகே என் பெயரைச் சொல்கிறாள் என்று எழுதாதீர்கள். நான் வரும்போது அவள் நான்கு மாதக் குழந்தை. அவளைப் பற்றி உண்மையாக ஒன்றே ஒன்று எழுதுங்கள். சின்னதாக இருந்தாலும் போதும். கோபம் வந்தால் என்ன செய்கிறாள்?

எனலேசி


சிபாண்டா துறை
மார்ச் 14, 1999

அன்பு மருமகளுக்கு,

திருடி விஷயம் லாரிச் சத்தத்தில் உனக்குத் தப்பாகக் கேட்டிருக்கும். அதை விடு.

காரியம் முடிந்தது. சுகாதார நிலையத்துக்குப் போனேன். என்னைக் கண்டதும் மருத்துவ உதவியாளர் எழுந்து நின்றார். "பைசன் ஐயா, நீங்க ஏன் வெயில்ல வந்தீங்க? சொல்லியனுப்பினா நானே வந்திருப்பேனே" என்றார். உள்ளே கூட்டிப்போய்க் காட்டினார். உன் ஊசி மருந்து கூரை வரை அடுக்கியிருக்கிறது. மேலே உள்ள பெட்டியை எடுக்க ஏணி வைத்திருக்கிறார்கள். இதோ, எழுத்தில், முத்திரையோடு இணைத்திருக்கிறேன்.

அடுத்த வியாழக்கிழமை மூட்டையோடு வாசலில் தயாராக இரு. நான் நேரில் வந்து அழைத்துப்போவேன். உன் அத்தை உனக்கென்று ஒரு சேவலை இப்போதிலிருந்தே மிரட்டிக்கொண்டிருக்கிறாள்.

தியாமிகேயைப் பற்றி: கோபம் வந்தால் பாதிரியார் மாதிரி பிரசங்கம் செய்கிறாள். கேட்டவர்கள் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார்கள்.

பைசன் கடோம்பே


பெண்கள் கூடம்
ஏப்ரல் 6, 1999

மாமாவுக்கு,

உங்கள் சான்றிதழ் இப்போது நர்சுகள் அறைச் சுவரில் ஒட்டியிருக்கிறது. அதில் இருந்தது உங்கள் துறைக் கமிட்டியின் மீன் முத்திரை. "பரிசோதிக்கப்பட்டது. உண்ணத் தகுந்தது." சிஸ்டர் நமலோம்பா கண்ணில் நீர் வரச் சிரித்தார். கூடத்துப் பெண்கள் என்னைப் பார்த்து, "என்னடி, இன்னும் வாடை வரலியே" என்கிறார்கள். நானும் சிரித்தேன்.

பிறகு சிரிப்பு நின்றது. டாக்டர் மாவட்டத்துக்கு வயர்லெசில் கேட்டார். சிபாண்டா நிலையத்தில் அந்த ஊசி இரண்டு வருடத்துக்கு மேலாக இல்லை, இனி வருமா என்று தெரியாது என்று பதில் வந்தது. என் விடுவிப்புத் தாளை என் கண்ணெதிரே குறுக்கே கோடு போட்டு வைத்துக்கொண்டார்கள்.

நீங்கள் சொன்ன வியாழக்கிழமை மூட்டையோடு வாசலில் உட்கார்ந்தேன். வெள்ளியும் உட்கார்ந்தேன். சனியும். வாசலில் ஏற்கெனவே ஒருத்தி உட்காருவாள், பெயர் எம்மா. பதினொரு வருடமாகக் காலைக் கஞ்சி முடிந்ததும் வந்து உட்கார்ந்துவிடுவாளாம். அவளுக்கு நோய் போய்ப் பத்து வருடம் ஆகிறது. அழைத்துப்போக யாரும் வரவில்லை, அவ்வளவுதான். சனிக்கிழமை தன் துணியைக் கொஞ்சம் நகர்த்தி எனக்கு இடம் விட்டாள். "நிழல் பத்து மணிக்கு அந்தப் பக்கம் போயிடும். நாளைக்கு இங்கே உக்காரு" என்றாள். நாளைக்கு என்றாள் மாமா. அப்போதுதான் பயந்தேன்.

நான் கிளம்பிவிட்டேன் என்று என் பாதி மெத்தையை வேறு ஒருத்திக்குக் கொடுத்துவிட்டார்கள். இப்போது பாயில் படுக்கிறேன்.

ஜோடனை இல்லாமல் எழுத முடிந்தால் எழுதுங்கள். முடியாவிட்டால் வேண்டாம்.

எனலேசி


சிபாண்டா துறை
மே 30, 1999

எனலேசிக்கு,

உன் கடிதம் வந்து ஏழு வாரமாக எழுதவில்லை. எழுத உட்கார்ந்தேன், ஒவ்வொரு தடவையும் நீர்யானை வந்துவிடுகிறது. கிழித்துப் போட்டேன்.

மார்ச்சில் நான் நிலையத்துக்குப் போகவில்லை. போனேன் என்று எழுதினேன். போயிருந்தால் எந்த நோய்க்கு, யாருக்கு என்று கேட்பார்கள், வரிசையில் ஊரே நிற்கும். ஏப்ரலில்தான் போனேன். ஒரே உதவியாளர், எண்பது காய்ச்சல் குழந்தைகள். அவர் எழுந்து நிற்கவில்லை, நிமிரவும் இல்லை. "அது எங்க பட்டியல்லயே கிடையாது ஐயா. பட்டியல் போமாலேர்ந்து வருது. அங்கே போய்க் கேளுங்க" என்றார்.

அதனால் மாவட்டத் தலைமை ஊரான போமாவுக்குப் போனேன். சைக்கிளில். இருநூறு மைல் என்று எழுத வந்தது, நாற்பது. சங்கிலி மூன்று தடவை கழன்றது. அது உண்மை.

சுகாதார அதிகாரி அம்மா சிசாலே. அவர் அறைக்குள் நான் நுழையவில்லை. அதிகாரியிடம் பேசுவது எப்படி என்று எனக்குத் தெரியாது, மருமகளே. எனக்குத் தெரிந்தது பெண் வீட்டில் பேசுவது மட்டும். அதனால் அப்படியே செய்தேன். தொப்பியைக் கழற்றி, தாழ்வாரத்தில் தரையில், காலை மடக்கி உட்கார்ந்தேன். தனியாகப் பேசக் கூடாதல்லவா, ஜோசாமுவை அங்கே வரச் சொல்லி இரண்டாவது வாயாகப் பக்கத்தில் உட்கார வைத்தேன். கோழியும் கொண்டுபோனேன். கிளார்க் வந்து, "என்ன விஷயம் பெரியவரே?" என்றான். "வீட்டுப் பெரியவங்ககிட்டதான் பேசுவோம்" என்றோம். யாரோ பெண் கேட்டு வந்திருக்கிறார்கள் என்று உள்ளே போய்ச் சொல்லிவிட்டான்.

அம்மா வெளியே வந்தார். நம் பக்கத்து மனுஷி, வழக்கம் தெரிந்தவர். "கோழியோட வந்திருக்கீங்க. எனக்கும் கல்யாணம் ஆயிடுச்சு, என் கிளார்க்குக்கும் ஆயிடுச்சு. இங்கே யாரைக் கேக்க வந்தீங்க?" என்றார்.

"எங்க வீட்டுப் பொண்ணைத்தாம்மா கேக்க வந்தோம்" என்றேன். "உங்க கையில இருக்கா."

அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு, பாய் கொண்டுவரச் சொல்லி, எதிரில் உட்கார்ந்தார். காகிதத்தைக் காட்டினார். மலேரியாவுக்கு ஒரு வரி, பிரசவத்துக்கு ஒரு வரி, காலராவுக்கு ஒரு வரி. கடைசியில் மன நோய் என்று இருக்கிறது. எதிரில் ஸ்கேல் வைத்துப் போட்ட ஒரு சின்னக் கோடு. என் சுண்டுவிரல் நகத்தைவிடச் சின்னது. "போன வருஷமும் கோடுதான். அதுக்கு முந்தியும் கோடுதான்" என்றார். மனநோய்க்குப் படித்த நர்ஸ் மாவட்டத்துக்கே ஒருவர்தான், சிதிமா என்று பெயர். அவர் அந்த நேரம் தாழ்வாரத்து மறுகோடியில் குழந்தைகளை எடை போட்டுக்கொண்டிருந்தார். அவர் மோட்டார் சைக்கிள் செங்கல் மேல் நிற்கிறது.

"ஏம்மா கோடு?" என்றேன்.

"கேக்காத பொண்ணை யாரு கட்டிக் குடுப்பா? உங்க கரைல இந்த நோய்க்காரங்கன்னு ஒரு பேர்கூட என்கிட்ட இல்ல. ஒரே ஆளுக்காக மருந்துப் பெட்டி கேட்டா மேல சிரிப்பாங்க. பேர் கொண்டாங்க. பேர், ஊர், வயசு. ஒரு பக்கம் நிறையட்டும், நானே தலைநகருக்குப் போய்ச் சண்டை போடறேன்."

கோழியைத் திருப்பித் தரவில்லை. அதை நல்ல சகுனமாக எடுத்துக்கொண்டேன்.

நோட்டுப் புத்தகம் வாங்கி மூன்று வாரம் ஆறு துறையிலும் வீடு வீடாகப் போனேன். எல்லா வீட்டிலும் எல்லாரும் தெளிவு. ஒரு வீட்டில் பின்பக்கம் யாரோ கதவை உள்ளிருந்து தட்டிக்கொண்டே இருந்தார்கள், ஆடு என்றார்கள். "உங்க வீட்ல யாராவது உண்டா பைசன்?" என்று திருப்பிக் கேட்டார்கள். நான் என்ன பதில் சொன்னேன் என்பது இந்தக் கடிதத்துக்கு வேண்டாம். நோட்டு காலியாக இருக்கிறது.

மாமன்


பெண்கள் கூடம்
ஜூன் 17, 1999

மாமாவுக்கு,

நீங்கள் என்ன பதில் சொன்னீர்கள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

போன சனிக்கிழமை மீன் விற்கிற ஏபெலோ அக்கா ஜோசாமு லாரியில் இங்கே வந்தார். என்னைப் பார்த்ததும் வாசலிலேயே மண்டியிட்டு, கை தட்டி, பெரியவர்களுக்குச் செய்கிற மாதிரி வணங்கினார். "மேட்ரன் அம்மா நல்லா இருக்கீங்களா?" என்றார். பின்னால் யாரோ நிற்கிறார்கள் என்று திரும்பிப் பார்த்தேன்.

"நான் மேட்ரன் இல்லக்கா."

"பெரிய வேலைல இருக்கறவங்க இப்படித்தான் அடக்கமாப் பேசுவாங்கன்னு பைசன் அண்ணன் சொன்னாரு. நாலு ஆஸ்பத்திரிக்கு நீங்கதான் சாவியாமே? இந்தப் பச்சைத் துணி மேட்ரன் உடுப்பா?"

அது நோயாளி உடுப்பு மாமா. முதுகில் எண் இருக்கிறது. நான் சுவரோடு ஒட்டி நின்றுகொண்டேன், திரும்பவே இல்லை. துறையில் யார் யாருக்கு என்னென்ன வலி என்று வரிசையாகச் சொன்னார். எல்லாவற்றுக்கும் வெந்நீர் ஒத்தடம் சொன்னேன். உங்கள் மருமகள்தானே நான்.

கிளம்பும்போது அவர் குரலைத் தாழ்த்தினார். "தனக்குத் தானே பேசிக்கறவங்களுக்கு இங்கே மருந்து ஏதாவது இருக்கா மேட்ரன்? எங்க வீட்ல இல்ல. தெரிஞ்சவங்க வீட்ல." எத்தனை நாளாக என்றேன். மூன்று வருடம் என்று உடனே சொல்லிவிட்டு, "இருக்கும், எனக்கு எப்படித் தெரியும்" என்று பார்வையை வேறு பக்கம் திருப்பினார்.

அவர் மகனைப் பார்த்து எவ்வளவு நாளாகிறது என்று யோசியுங்கள். படகில் முதல் ஆளாகப் பாட்டுப் பாடிக்கொண்டு போவானே. கேப் டவுனுக்கு வேலைக்குப் போய்விட்டான் என்று சொல்வார்கள்.

ஒருவர் வீட்டில் மேட்ரன், இன்னொருவர் வீட்டில் கேப் டவுன், இன்னொருவர் வீட்டில் ஆடு. நோட்டு எப்படி நிறையும்?

சொல்லிவிடுங்கள். என்னைப் பற்றித்தான், அதனால் நான் அனுமதி தருகிறேன். என் பெயரை முதல் வரியில் எழுதுங்கள். புது ஆட்கள் வர வர எனக்கு இங்கே பாய் நகர்ந்துகொண்டே போகிறது, இப்போது கதவோரம் வந்துவிட்டேன். எம்மா என்னைப் பார்த்து இடம் விடுகிறாள். நான் அவளைப் பார்ப்பதைத் தவிர்க்கிறேன். மகளின் முகத்தை நினைத்துப் பார்த்தால் வருவது நான்கு மாத முகம்தான். அந்த முகம் இப்போது எங்கேயும் இல்லையல்லவா?

எனலேசி


சிபாண்டா துறை
ஜூலை 11, 1999

எனலேசிக்கு,

சொல்லிவிட்டேன்.

போன மாதக் கடைசித் திங்கட்கிழமை காலை, படகுகள் வந்து வலை இறக்கி முடிந்த நேரம். தராசுக்குப் பக்கத்தில் நின்றேன். என் மருமகள் மேட்ரன் இல்லை என்றேன். சிலர் சிரித்தார்கள், புதுக் கதை என்று நினைத்தார்கள். பிள்ளை பெற்ற பிறகு அவளுக்குச் சித்தம் கலங்கியது, நான்தான் கட்டிக் கொண்டுபோய் விட்டேன், கேட்டவர்களிடம் திருடி என்றேன், உங்களிடம் மேட்ரன் என்றேன், அவள் குணமாகிவிட்டாள், ஊசி இங்கே இல்லாததால் வர முடியாமல் கிடக்கிறாள் என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். வேறு எதுவும் வாயில் வரவில்லை.

மீனை எடை போடுகிற பையனிடம் யாரோ, "போடுடா, ஏன் நிறுத்தினே" என்றார்கள். நான் நோட்டை மடித்தேன். கமிட்டி நாற்காலி இனி எனக்கில்லை என்று தெரிந்துவிட்டது.

ஏபெலோ கூடையை இறக்கி வைத்துவிட்டு வந்தாள். "எழுது. மத்தேயு. இருபத்தாறு வயசு" என்றாள். பிறகு, "பூட்டித்தான் வெச்சிருக்கேன். என்ன பண்ணச் சொல்றீங்க எல்லாரும்?" என்று எல்லாரையும் பார்த்துக் கத்தினாள். யாரும் எதுவும் கேட்டிருக்கவில்லை.

அன்று மாலைக்குள் ஏழு பேர். பிறகு மற்றத் துறைகளிலிருந்து வந்தார்கள். சிலர் இருட்டின பிறகு வந்து ஜன்னல் வழியாகச் சொன்னார்கள். மொத்தம் பத்தொன்பது. உன்னோடு சேர்த்து. நான் பெருக்கவில்லை, நோட்டு இருக்கிறது.

அம்மா சிசாலே நோட்டைத் தலைநகருக்குக் கொண்டுபோனார். பெட்டி வெள்ளிக்கிழமை வந்தது. சின்னப் பெட்டி, ஏணி தேவையில்லை. சிதிமா ஜோசாமு லாரியில் வந்து ஊசி போட்டார். மத்தேயு வெளிச்சத்தில் கண்ணைத் திறக்கவில்லை. நிலையத்தின் முத்திரை போட்ட தாள் இத்துடன் இருக்கிறது. வாங்கிப் பார்த்துச் சரிதானா என்று நர்சம்மாவிடம் கேட்டுக்கொள்.

தியாமிகே உன் பெயரைச் சொல்வதில்லை. அத்தையைத்தான் அம்மா என்கிறாள். புது ஆட்களைக் கண்டால் அத்தை பாவாடைக்குள் ஒளிந்துகொள்வாள். உன்னைக் கண்டாலும் ஒளிவாள். கோபம் வந்தால் தரையில் குப்புறப் படுத்து மூச்சை அடக்குகிறாள். முதல் தடவை நான் பயந்து அழுதேன்.

செவ்வாய்க்கிழமை வருகிறேன். நீ வாசலில் உட்கார வேண்டாம். உள்ளேயே இரு. நான் உள்ளே வந்து கேட்கிறேன்.

மாமன்


மாவட்ட சுகாதார அலுவலகத் தாழ்வாரம், போமா
அக்டோபர் 1, 1999

எனலேசிக்கு,

நான் இங்கே உட்கார்ந்து ஆறு நாள். கிளார்க் இப்போது எனக்கும் சேர்த்துச் சோளக்களி கொண்டுவருகிறான். அலுவலகத்துக்கு வருகிறவர்கள் என்னிடம்தான் முதலில் விசாரிக்கிறார்கள். இரண்டு பேருக்கு நானே பதில் சொல்லி அனுப்பிவிட்டேன். பதில் சரியாகத்தான் இருந்திருக்கும்.

பெட்டி வரவில்லை. ஜூலையும் ஆகஸ்டும் செப்டம்பரும் வந்தது, அக்டோபருக்கு இல்லை. அம்மா சிசாலே புதுக் காகிதத்தைக் காட்டினார். கோடு இல்லை. "பின்னர்" என்று எழுதியிருக்கிறது. "பின்னர்னா எப்போம்மா?" என்றேன். "எனக்குத் தெரிஞ்சா நான் ஏன் உங்களுக்கு டீ வாங்கிக் குடுத்து உக்கார வெச்சிருக்கேன்?" என்றார். தினமும் தலைநகருக்குப் பேசுகிறார். அவர் கத்துவது தாழ்வாரம் வரை கேட்கிறது. நல்ல குரல், நம் கரைக் குரல்.

உன் ஊசி நாள் பன்னிரண்டாம் தேதி. மத்தேயுவுக்கு ஒன்பதாம் தேதி. இதைத்தான் எண்ணிக்கொண்டிருக்கிறேன். உனக்குத் தூக்கம் வருகிறதா? காதில் யாராவது பேசுகிறார்களா? பேசினால் மறைக்காதே. இங்கே காற்று எதிர்ப்பக்கத்திலிருந்து அடிக்கிறது, ஏரி வாடையே இல்லை. இத்தனை நாள் ஏரியைப் பார்க்காமல் நான் இருந்ததில்லை. நீ வீடு திரும்பும்வரை இருபது மாதம் இருந்திருக்கிறாய்.

வெறுங்கையோடு திரும்ப எனக்குத் தெரியவில்லை.

மாமன்


சிபாண்டா துறை
அக்டோபர் 5, 1999

மாமாவுக்கு,

தூக்கம் வருகிறது. நேற்றுக் காலை யாரோ மெல்லப் பேசுவது போலக் கேட்டது. எழுந்துபோய்ப் பார்த்தேன். ஏரிதான்.

உங்கள் கடிதத்தை ஏபெலோ அக்கா வீட்டு முற்றத்தில் எல்லாருக்கும் உரக்கப் படித்தேன். பத்தொன்பதில் பதினாறு பேர் வந்திருந்தார்கள், வீட்டாரோடு. "பின்னர்" என்ற இடத்தில் மத்தேயு மட்டும் சிரித்தான். "நான் மூணு வருஷம் பின்னர்லதான் இருந்தேன்" என்றான். அவன் அம்மா அவனை அடிக்கக் கை ஓங்கி, அப்படியே தலையைத் தடவினாள்.

முடிவு செய்துவிட்டோம். வியாழக்கிழமை ஜோசாமு மீன் ஏற்றப்போவதில்லை. எங்களை ஏற்றுகிறார். பாய், பானை, சோள மாவு எல்லாம் கட்டியாகிவிட்டது. கமிட்டிக்காரர்கள் கொட்டகைத் தார்ப்பாயைக் கொடுத்தார்கள். உங்கள் நாற்காலியில் இன்னும் யாரும் உட்காரவில்லை, அதையும் சொல்லச் சொன்னார்கள். அந்தத் தாழ்வாரத்தில் எங்களுக்கு இடம் பிடித்து வையுங்கள். பெயராக எழுதிக் கொடுத்தது போதும், ஆளாகவே வருகிறோம். பெட்டி வரும்வரை அங்கேயே சமைப்போம். ஊசி நாள் தாண்டி எங்களில் யாருக்காவது முடியாமல் போனால், அதையும் அவர்கள் பார்க்கட்டும். சிஸ்டர் நமலோம்பாவுக்கும் எழுதியிருக்கிறேன். எம்மாவின் ஊர் எது என்று கேட்டிருக்கிறேன்.

எனக்குப் பயமில்லை என்று எழுத மாட்டேன். பன்னிரண்டாம் தேதிக்கு எத்தனை நாள் என்று விரல் விட்டு எண்ணிக்கொண்டே இருக்கிறேன்.

தியாமிகே நான் வந்த நாளிலிருந்து என்னிடமிருந்து ஒரு கை தூரத்திலேயே உட்காருவாள், தெரியும் உங்களுக்கு. நானும் கூப்பிடுவதில்லை. இன்று உசிபா ஆய்ந்துகொண்டிருந்தேன். வந்து எதிரில் உட்கார்ந்தாள். ஒரு மீனை எடுத்து, தலையைக் கிள்ளாமல், அப்படியே என் வாயருகே நீட்டினாள். பச்சை மீன். தின்றேன். இன்னொன்று நீட்டினாள். அதையும் தின்றேன். பிறகு சலித்துப்போய் என் பக்கத்துப் பாயில் படுத்தாள். தூங்கிப்போனாள். புரண்டு இரண்டு காலையும் என் மடிமேல் போட்டிருக்கிறாள். இந்தக் கடிதத்தை அவள் கால்மேல் பலகையை வைத்துத்தான் எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் அதுதான் காரணம்.

கடிதம் எடுத்துப்போக வந்த லாரியின் ஹாரன் கேட்கிறது. ஜோசாமு இரண்டாவது தடவை அடிக்கிறார். எழுந்தால் இவள் விழித்துக்கொள்வாள். நான் எழப்போவதில்லை. இந்தக் கடிதத்தை வியாழக்கிழமை என் கையாலேயே உங்களிடம் கொடுக்கிறேன்.

எனலேசி